ஃப்ரைபெர்க் டைரி – 14: மண்ணு சொன்ன நம்பரா, நான் சொன்ன நம்பரா?

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் ஆளே காணோமேன்னு ரெண்டு பேர் மெயில் போட்டு விசாரிச்சீங்க. (ரெண்டே பேர்தானா? சரி, விடுங்க. :-)) ஆணி அதிகம்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். ஆனா காரணம் அது இல்லை. எழுத ஒரு விஷயம் இருந்தது, எழுத வெக்கமா இருந்தது. இப்ப எழுதிடறேன்.

டிஸ்கி: இது சேறும் சகதியுமான பதிவு. பனியில நின்னு எடுத்த போட்டோவோ, பியர் திருவிழாவோ எதிர்பார்த்து வந்தவங்க அப்படியே அடுத்த வீட்டுப் பதிவுக்குப் போயிடலாம். கோவிச்சுக்க மாட்டேன்.

போன தடவை ஒரு அண்ணாச்சி பின்னூட்டத்துல கேட்டிருந்தார்: "பொட்டி தட்டற வேலையும் இல்லை, டாக்டர் படிப்பும் இல்லை, அப்ப நீ அங்க என்னதான் படிக்கறே?" நியாயமான கேள்வி. எங்க அம்மாவுக்கே இதுக்குப் பதில் தெரியாது. சொந்தக்காரங்க கேட்டா "மண்ணு சம்பந்தமா" அப்படின்னு சொல்லி முடிச்சிடறாங்க.

ஃப்ரைபெர்க் சின்ன ஊர். ட்ரெஸ்டன்லேர்ந்து ஸ்விக்காவ் போற ரயில் பாதையில இருக்கு. 12ஆம் நூற்றாண்டுல இங்க வெள்ளி கிடைச்சதிலேர்ந்து ஊருக்கு அடியில எலி வளை மாதிரி தோண்டித் தள்ளியிருக்காங்க. 1765ல சுரங்கம் சொல்லித்தர ஒரு கல்லூரி ஆரம்பிச்சாங்க, பெர்க்அகாடமி. அதுதான் இப்ப தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். இண்டியம்ங்கற தனிமத்தை 1863ல கண்டுபிடிச்சது இங்கதான், 1886ல ஜெர்மானியத்தைக் கண்டுபிடிச்சதும் இங்கதான். சுரங்க வேலை 1969லயே நின்னு போச்சு. ஆனாலும் பழைய ஆளுங்க 'குட்டன் டாக்' சொல்றதுக்குப் பதிலா 'க்ளூக் ஆஃப்'னு சொல்லுவாங்க. உள்ள போறவன் பத்திரமா மேல வரணும்ங்கற வாழ்த்து.

நான் படிக்கறது சுரங்கத்தைப் பத்திகூட இல்லை, சுரங்கம் துப்பினதைப் பத்தி. தங்கமோ செம்போ யுரேனியமோ, பாறையை மாவா அரைச்சு, ரசாயனத்துல போட்டு, வேணுங்கறதை எடுத்துக்குவாங்க. தங்கம்னா ஒரு டன் பாறைக்குச் சில கிராம் கிடைச்சாலே பெரிய விஷயம். மிச்சம் முழுக்க தண்ணியோட சேர்ந்த சேறு. இதுக்குப் பேரு டெய்லிங்ஸ். ஆத்துல விட முடியாது (விட்டவங்களும் உண்டு). அதனால பள்ளத்தாக்கை மறிச்சு ஒரு கரை கட்டி, பின்னாடி இந்தச் சேத்தைக் கொட்டுவாங்க. அதுதான் டெய்லிங்ஸ் அணை.

நம்ம மேட்டூரோ பவானிசாகரோ மாதிரி இதை நினைக்கக் கூடாது. அதெல்லாம் முதல்ல கட்டி முடிச்சு அப்புறம் தண்ணி தேக்கறது. இது சேறு ஏற ஏற, கரையையும் ஏத்திக்கிட்டே போறது. இதுல ரொம்ப மலிவான வழி ஒண்ணு இருக்கு. குழாய் வாயிலேர்ந்து சேறு விழும்போது கனமான மணல் கரை ஓரமாவே படியும், நைசான களி தூரமா குட்டைக்குப் போயிடும். அந்தப் படிஞ்ச மணல் மேலயே அடுத்த அடுக்குக் கரையை உள்பக்கமா தள்ளிக் கட்டறது. அதாவது நேத்து கொட்டின சேறுதான் இன்னைக்கு அஸ்திவாரம். வீடு கட்டறவர் இப்படிச் சொன்னா நாம கொத்தனாரை மாத்திடுவோம். சுரங்கத்துல உலகம் பூரா இப்படித்தான் கட்டியிருக்காங்க.

இந்தச் சேத்தோட எனக்கு ஒரு பழைய உறவும் உண்டு. அம்மாவோட அப்பா கோலார் தங்கவயல்ல வேலை பார்த்தவர். வட ஆற்காட்டுலேர்ந்து போன எத்தனையோ குடும்பங்கள்ல ஒண்ணு. அந்த ஊர்ல 'சயனைடு மேடு'ன்னு சொல்லுவாங்க, தங்கம் எடுத்த பிறகு மிஞ்சின மாவு மலை மலையா கிடக்கும். மொத்தம் மூணு கோடி டன்னுக்கு மேல. காத்தடிச்சா ஊரே தூசியாயிடும். சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28ல மூடிட்டாங்க. மேடு மட்டும் அங்கேயேதான் இருக்கு. லீவுக்குப் போனப்ப மாமா பசங்களோட அதுமேல சறுக்கி விளையாடியிருக்கேன், பாட்டி துடைப்பத்தோட துரத்தியிருக்காங்க. அது என்னன்னு தெரிஞ்சுக்க நான் ஜெர்மனி வரவேண்டியிருந்தது.

ஜெர்மனியில இந்த விஷயத்துல பெரிய பேரு விஸ்முட். கிழக்கு ஜெர்மனி காலத்துல ஸாக்ஸனியிலயும் துரிங்கியாவிலயும் சோவியத்துக்காக யுரேனியம் எடுத்த கம்பெனி. 1946லேர்ந்து 1990 வரைக்கும் 2,31,000 டன். 1950கள் ஆரம்பத்துல ஒரு லட்சம் பேருக்கு மேல வேலை பார்த்திருக்காங்க. ரெண்டு ஜெர்மனியும் ஒண்ணானதும் கடையை மூடிட்டாங்க, சேறு மிச்சம். ஸேலிங்ஷ்டெட் பக்கத்துல குல்மிட்ஷ்னு ஒரு இடம், அங்க மட்டும் 8.5 கோடி கன மீட்டர் சேறு, 234 ஹெக்டேர்ல. 1991லேர்ந்து அரசாங்கக் கம்பெனியா மாத்தி, வரிப்பணத்துல சுத்தம் பண்ணிக்கிட்டிருக்காங்க. முதல்ல மேல நிக்கற தண்ணியை இறைச்சு, சுத்திகரிச்சு விட்டுட்டு, சேத்து மேல துணியும் வலையும் விரிச்சு, சேத்துக்குள்ள நாடா மாதிரி வடிகால்களைச் செங்குத்தா குத்தி இறக்கி, அதுமேல கொஞ்சம் கொஞ்சமா மண்ணு போட்டு மூடறது. ஒரேயடியா போட்டா லாரியும் டிரைவரும் சேர்ந்து முழுகிடுவாங்க. அடியில கசியற தண்ணியை, அதுக்கு ஸிக்கர்வாஸர்னு பேரு, பிடிச்சு சுத்திகரிக்கற வேலை இன்னும் நடக்குது.

மனுஷன் நடக்கற அளவுக்குக்கூட கெட்டி இல்லாத சேறு எவ்வளவு பலமா இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? இங்கதான் என் படிப்பு வருது.

ஒரு குழாய்ல மாதிரி எடுத்து ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து நசுக்கிப் பார்க்கலாமேன்னு தோணும். முடியாது. தளர்வா படிஞ்ச மணலைக் குழாய்ல பிடிக்கும்போதே அது குலுங்கி நெருங்கிடும். வேன்ல வரும்போது இன்னும் நெருங்கும். ஆய்வகத்துல சோதிச்சா 'நான் ரொம்ப பலசாலி'ன்னு பொய் சொல்லும். அதனால மண்ணு எங்க இருக்கோ அங்கேயே போய் கேக்கணும்.

கேக்கறதுக்குச் சில சாமான் இருக்கு. ஒண்ணு ஃப்ளூகல்சோண்டே. நாலு இறக்கை வெச்ச கம்பி. மோர் கடையற மத்தை நினைச்சுக்குங்க. சேத்துக்குள்ள இறக்கி மெதுவா திருகணும். எவ்வளவு முறுக்குல சேறு அறுபடுதோ அது அதோட பலம். அப்புறம் வேகமா பத்து சுத்து சுத்திட்டு மறுபடி மெதுவா திருகிப் பார்க்கணும். கலக்கின பிறகு எவ்வளவு மிஞ்சுதுன்னு தெரியும். முதல் நம்பருக்கும் ரெண்டாவதுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தா வயித்துல புளியைக் கரைக்கும்.

இன்னொண்ணு கூம்பு. 36 மில்லிமீட்டர் தடிமன், 60 டிகிரி முனை. கம்பியோட சேர்த்து வினாடிக்கு 2 சென்டிமீட்டர் வேகத்துல மண்ணுக்குள்ள அழுத்திக்கிட்டே போகணும். நுனியில எவ்வளவு எதிர்ப்பு, பக்கவாட்டுல எவ்வளவு உராய்வு, அதோட மண்ணோட இடுக்குல இருக்கற தண்ணி எவ்வளவு அழுத்துது, இந்த மூணும் மேல கம்ப்யூட்டர்ல கோடா ஓடும். தண்ணியை அளக்கறதுக்கு நுனிக்குப் பின்னாடி ஒரு வடிகட்டி வளையம் இருக்கு. அதை முன்னாடியே கிளிசரின்ல ஊறவெச்சு ஒரு காத்துக் குமிழிகூட இல்லாம மாட்டணும். குமிழி இருந்தா அது ஸ்பிரிங் மாதிரி அமுங்கி, தண்ணி சொல்றதை லேட்டா, மழுப்பலா சொல்லும்.

தண்ணி ஏன் இவ்வளவு முக்கியம்? மெரினாவிலயோ பெசன்ட் நகர்லயோ அலை வந்துபோன ஈர மணல்ல நின்னு காலால தட்டிக்கிட்டே இருந்திருப்பீங்க. கெட்டியா இருந்த மணல் திடீர்னு கொழகொழன்னு ஆகி கால் புதையும். மணல் துகள்கள் நெருங்கப் பார்க்குது, இடுக்குல இருக்கற தண்ணிக்கு வெளிய போக நேரம் இல்லை, அது துகள்களைத் தள்ளிப் பிடிக்குது. துகளும் துகளும் உரசாத நிமிஷத்துல மணலுக்குப் பலமே இல்லை. இதே 80 மீட்டர் உயரக் கரைக்கு நடந்தா?

கூம்பை ஒரு ஆழத்துல நிறுத்திட்டு, தண்ணி அழுத்தம் எப்படி இறங்குதுன்னு உட்கார்ந்து பார்க்கறதும் ஒரு சோதனை. கூம்பு குத்தினதால ஏறின அழுத்தம் மெல்ல வடியும். எவ்வளவு வேகமா வடியுதுங்கறது தண்ணி அந்த மண்ணுல எவ்வளவு சுலபமா ஓடும்னு சொல்லும். கடைசியா எங்க போய் நிக்குதோ, அதுதான் அந்த இடத்தோட உண்மையான அழுத்தம். மணல்ல சில வினாடியில முடிஞ்சிடும். நைஸ் சேத்துல மணிக்கணக்கா ஆகும். சும்மா ஒரு கோட்டைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். அவ்வளவுதான் வேலை.

இந்த 'அவ்வளவுதான்'லதான் நான் கவுந்தேன்.

ஜனவரி கடைசி. ஒரு பழைய சுரங்கத்தோட சேத்து அணை, எதுன்னு சொல்லமாட்டேன். நான் அங்க ஹிவி, அதாவது மணிக்கூலி மாணவ எடுபிடி. கூட வந்தது ரெண்டு பேர். ஒருத்தர் அறுபதைத் தாண்டின டெக்னீஷியன். கம்பி, குழாய், கூம்பு எல்லாம் அவர் கட்டுப்பாட்டுல. மனசுக்குள்ள நான் அவருக்கு வெச்ச பேரு குழாய்த் தாத்தா. இன்னொருத்தர் இந்த அணையை வெச்சு டாக்டர் பட்டத்துக்குப் படிக்கற சிலி நாட்டு அக்கா. அவங்க ஊர்ல 1965 மார்ச் 28ல வந்த நிலநடுக்கத்துல எல் கோப்ரேங்கற சேத்து அணை உடைஞ்சு 200 பேருக்கு மேல செத்துப்போனாங்க. அதனால அவங்களுக்கு இது வெறும் தீசிஸ் இல்லை.

மைனஸ் 8 டிகிரி. மதியம். 14 மீட்டர் ஆழத்துல கூம்பை நிறுத்தியாச்சு. தாத்தாவும் அக்காவும் கரைக்குக் கீழ கசிவுத் தண்ணியை அளக்கப் போனாங்க. போகும்போது தாத்தா சொன்னது ஒண்ணே ஒண்ணு: "கோடு படுக்கற வரைக்கும் எதையும் தொடாதீங்க."

அழுத்தம் 320 கிலோபாஸ்கல்ல ஆரம்பிச்சுது. அரைமணியில 260. முக்கால் மணியில 235. கால் கட்டைவிரல் இருக்கா இல்லையான்னே தெரியலை. ஐம்பத்திரண்டாவது நிமிஷம் எனக்கு ஞானோதயம். பாடத்துல, அழுத்தம் பாதி வடியற நேரம் தெரிஞ்சா கணக்குக்குப் போதும்னு படிச்சிருக்கேனே! தண்ணி மட்டம் 3 மீட்டர்ல இருக்கு, கூம்பு 14 மீட்டர்ல. நடுவுல 11 மீட்டர் தண்ணி, அப்ப கடைசி அழுத்தம் 108 கிலோபாஸ்கல். 320க்கும் 108க்கும் பாதி 214. அதுவும் இதோ வரப்போகுது. கோட்டை இழுத்து நீட்டினா எங்க தொடும்னு எனக்குத் தெரியாதா? நிறுத்திட்டேன். படிவத்துல 'நிலைத்த அழுத்தம்' கட்டத்துல 108னு எழுதி, கீழ என் பேரைப் போட்டு, ஃப்ளாஸ்க்கைத் திறந்தேன். யாரும் ஒண்ணும் கேக்கலை. அன்னைக்கு ராத்திரி நல்லா தூங்கினேன்கறதுதான் இப்ப நினைச்சா உறுத்துது.

நாலு நாள் கழிச்சு தாத்தா கூப்பிட்டார். திரையில என் கோடு. படுக்கவே இல்லை, சரிவுல பாதியில வெட்டினாப்ல நிக்குது. பக்கத்துல என் படிவம்.

"108. இதை யார் சொன்னது?"

"கணக்குப் போட்டேன்."

"மண்ணு சொல்லலையா?"

நான் பாதி வடியற நேரம் அது இதுன்னு ஆரம்பிச்சேன். மனுஷன் பொறுமையா கேட்டுட்டு சொன்னார்: "பாதி எதுன்னு தெரியணும்னா, முடிவு எங்கன்னு தெரியணும். முடிவையே நீங்கதான் எழுதியிருக்கீங்க."

முடிஞ்சுது கதை. நான் போட்டது கணக்கே இல்லை, வட்டம். தண்ணி அசையாம நிக்குதுன்னு நானே முடிவு பண்ணிட்டு, அதை வெச்சு 'பாதி'யைக் கண்டுபிடிச்சு, அதை வெச்சு தண்ணி எப்படி ஓடுதுன்னு சொல்லியிருக்கேன். சேத்து அணைக்குள்ள தண்ணி அசையாம நிக்கறது அபூர்வம். கீழ வடிகால் இருந்தா கணக்கைவிடக் குறைவா இருக்கும். சேறு இன்னும் அமுங்கி முடியலைன்னா கணக்கைவிட அதிகமா இருக்கும். அதைத் தெரிஞ்சுக்கத்தானே அவ்வளவு தூரம் கூம்பை இறக்கினது!

அவர் கத்தலை. கத்தியிருந்தா தேவலை. "அந்த அக்கா இதை மாடல்ல ஏத்திட்டாங்களான்னு கேளுங்க"ன்னு மட்டும் சொன்னார். ஏத்திட்டாங்க. என் 108 வண்ணப்படத்துல அழகான நீலக்கோடா ஓடிக்கிட்டிருந்தது. நானே மெயில் எழுதினேன்: இந்த நம்பர் அளந்தது இல்லை, நான் ஊகிச்சது, எடுத்துடுங்க. நாலு வரி எழுத ஒரு மணி நேரம் ஆச்சு. பதில்ல திட்டு வரலை. ஒரு அறிக்கையை அனுப்பியிருந்தாங்க, படின்னு.

பிரேசில்ல ப்ரூமாடின்யோ அணையைப் பத்தின அறிக்கை. உங்கள்ல பல பேர் அந்த வீடியோவைப் பார்த்திருப்பீங்க. 2019 ஜனவரி 25, மதியம் 12.28. வாலே கம்பெனியோட இரும்புச் சுரங்கத்துச் சேத்து அணை, 86 மீட்டர் உயரம். 2016லேர்ந்து அதுல சேறு கொட்டறதையே நிறுத்தியிருந்தாங்க. பத்து வினாடிக்குள்ள முகப்பு முழுக்க சரிஞ்சுது. அஞ்சு நிமிஷத்துக்குள்ள 97 லட்சம் கன மீட்டர் வெளிய ஓடிடுச்சு. 270 பேர் செத்தாங்க. சுரங்க ஆபீசும் தொழிலாளிங்க சாப்பாட்டுக் கூடமும் அணைக்கு நேர் கீழ இருந்தது, சாப்பாட்டு நேரம் வேற.

அறிக்கையை எழுதின குழுவுக்குத் தலைவர் பீட்டர் ராபர்ட்சன். கூம்புச் சோதனையைப் படிக்கற எங்களுக்கு அவர் பேரைச் சொல்லாம ஒரு பாடம் நகராது. எந்த மண்ணுன்னு கண்டுபிடிக்க நாங்க பார்க்கற வரைபடமே அவர் பேர்லதான் இருக்கு. அணையில அழுத்தமானி, சாய்வுமானி, ரேடார், ட்ரோன் எல்லாம் இருந்திருக்கு. உடையறதுக்கு முன்னாடி பெரிய அசைவு எதையும் அதுங்க காட்டலை. அதுதான் இந்த வகை உடைசலோட கொடூரம், எச்சரிக்கை மணியே அடிக்காது. செங்குத்தான சரிவு, உள்ள தண்ணி மட்டம் உயரம், வடிகால் போதலை, தளர்வான சேறு. இதெல்லாம் சேர்ந்து விளிம்புல நின்ன அணை, மெல்ல மெல்ல நகர்ந்ததும் மழையும் சேர்ந்து தள்ளி விட்டுடுச்சுன்னு அந்தக் குழு சொன்னது. அன்னைக்கு அணை மேல ஒரு துளை போட்டுக்கிட்டிருந்தாங்க, அது காரணம் இல்லைன்னும் சொன்னது. 2021ல பார்சிலோனாவுலேர்ந்து வந்த இன்னொரு ஆய்வு, அந்தத் துளைதான் தூண்டியிருக்கலாம்னு சொன்னது. எனக்கு இந்த ரெண்டாவதைப் படிச்சதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. அணையோட உடம்பு எப்படி இருக்குன்னு பார்க்கப் போட்ட ஊசி அது.

இதுல ஜெர்மனி எங்க வருதுன்னா, உடையறதுக்கு நாலு மாசம் முன்னாடி, 2018 செப்டம்பர்ல, அந்த அணை நிலையா இருக்குன்னு சான்றிதழ் கொடுத்தது ம்யூனிக்கைச் சேர்ந்த ட்யூஃப் ஸூடோட பிரேசில் கிளை. நிலைப்புக் கணக்குல, தண்ணி வடிய நேரம் இல்லாத நிலைமைக்கு வந்த எண் 1.09. 1.0ன்னா விழற அணை. பொதுவா எதிர்பார்க்கறது 1.3. செத்தவங்க குடும்பங்கள் 2019 அக்டோபர்ல ம்யூனிக்ல புகார் கொடுத்தாங்க. 2021 செப்டம்பர்ல அங்க சிவில் வழக்கும் விசாரணைக்கு வந்தது. சட்டப்படி பொறுப்பு எங்களுக்கு இல்லைன்னு கம்பெனி வாதாடிச்சு. யார் பக்கம் நியாயம்னு தீர்ப்பு சொல்ற இடத்துல நான் இல்லை.

என் 108ஐயும் அந்த 1.09ஐயும் ஒண்ணா வைக்கவும் இல்லை. என் அணைக்குக் கீழ யாரும் சாப்பிட்டுக்கிட்டு இல்லை, நான் எடுபிடி, என் நம்பர் நாலு நாள்தான் உயிரோட இருந்தது. ஆனா அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது, ஒரு கட்டத்துல எழுதின எண்ணைப் பார்த்தா அளந்ததா நினைச்சதான்னு படிக்கறவனுக்குத் தெரியாதுங்கறது எனக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. எல்லா நம்பரும் ஒரே மாதிரி கறுப்பு எழுத்துலதான் இருக்கு.

அன்னைக்கு ராத்திரி அப்பாவுக்கு போன் பண்ணினேன். வந்தவாசிப் பக்கம் விவசாயம். விஷயத்தைச் சொன்னதும் முதல்ல, "சம்பளத்துல பிடிப்பாங்களாடா?"ன்னு கேட்டார். இல்லைப்பான்னதும் எங்க ஊர் ஏரிக்குப் போயிட்டார். ஐப்பசி கார்த்திகையில ஏரி ரொம்பினா ராத்திரி ஆள் போட்டு கரையைச் சுத்தி வருவாங்க. கரை அடியில ஊத்து கண்டா டார்ச் அடிச்சு, கையில அள்ளிப் பார்க்கணும். தெளிஞ்ச தண்ணின்னா பயமில்லை, கரை மூச்சு விடுது. கலங்கல்னா கரையோட மண்ணு உள்ளேர்ந்து வெளிய வருதுன்னு அர்த்தம், ஓடிப்போய் ஊரை எழுப்பி ஊத்தைச் சுத்தி மணல் மூட்டை அடுக்கணும். "உங்க பெரியப்பா ஒரு தடவை மழைக்குச் சோம்பிட்டு கரைக்குப் போகாமலே தெளிவுதான்னு வந்து சொன்னாரு"ன்னார். அப்புறம்? "அப்புறம் என்ன, தாத்தாவுக்கு நம்பிக்கை இல்லை, அவரே போய்ப் பார்த்தாரு. தெளிவாத்தான் இருந்துச்சு. ஆனா பெரியப்பாவை அதுக்கப்புறம் கரைக்கு அனுப்பினதே இல்லை."

இதை என்னத்துக்கு என்கிட்ட சொன்னார்னு ரெண்டு நாள் குழம்பினேன். என்னை இனிமே கரைக்கு அனுப்புவாங்களாங்கறதுதான் என் கவலையே.

அனுப்பினாங்க. மார்ச் ரெண்டாவது வாரம், அதே அணை, பழைய இடத்துலேர்ந்து ரெண்டு மீட்டர் தள்ளி. கிளிசரின்ல வளையம் ஊறவைக்கறதுலேர்ந்து என்னையே செய்யச் சொன்னார் தாத்தா. குமிழி இருக்கான்னு மூணு தடவை பார்த்தேன், அவர் நாலாவது தடவை பார்த்தார். 14 மீட்டர். நிறுத்தியாச்சு. காலை 9.40.

தாத்தாவும் அக்காவும் கீழ போனாங்க. கரை அடியில முக்கோண வெட்டு வெச்ச பலகை ஒண்ணு இருக்கு, கசிவுத் தண்ணி அது வழியா வழியும், உயரத்தை அளந்தா எவ்வளவு வருதுன்னு தெரியும். மேலேர்ந்து பார்த்தா அக்கா ஒரு கண்ணாடிக் குடுவையில அள்ளி வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க. அப்பா சொன்ன டார்ச் ஞாபகம் வந்துது. தெளிவாத்தான் இருந்தது போல, நோட்டுல எழுதிக்கிட்டாங்க.

பத்தே முக்காலுக்கு 228. போன தடவை நான் எழுந்து போன இடத்தைத் தாண்டியாச்சு. பன்னெண்டு மணிக்கு 181. ஒரு மணிக்கு 163. கோடு வளையுது, ஆனா படுக்கலை. 108 பக்கமே போகற மாதிரி தெரியலை. எனக்குக் குளிரே தெரியலை, உண்மையாவே. ஒன்றரைக்கு 156. தாத்தா வந்து பக்கத்துல உக்காந்தார், ஒண்ணும் பேசலை, ரொட்டியில பாதி கொடுத்தார். ரெண்டு மணிக்கு 151. ரெண்டு இருபதுக்கு 150. அதுக்கப்புறம் நாப்பது நிமிஷம் அசையவே இல்லை.

150. நான் எழுதினதைவிட 42 அதிகம், அதாவது நாலு மீட்டர் தண்ணிக்கு மேல. அந்த ஆழத்துல மேல இருக்கற மொத்த எடை ஏறக்குறைய 250 கிலோபாஸ்கல். அதுல தண்ணி தாங்கறது போக மிச்சம்தான் துகளும் துகளும் உரசிக்கற பங்கு, அதுதான் பலம். என் கணக்குப்படி 142 இருக்கணும். இருந்தது 100. பத்துல மூணு பங்கு பலம் என் பேனாவுல மட்டும்தான் இருந்திருக்கு. இந்த அணை அதனால விழப்போறது இல்லை, சரிவு ரொம்பப் படுகையா இருக்கு, அக்கா மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்துட்டாங்க. சேறு இன்னும் அமுங்கிக்கிட்டிருக்கு, மேல மூடி போடறதை இன்னும் மெதுவா செய்யணும்னு அவங்க அறிக்கையில ஒரு பத்தி கூடியிருக்கு. அவ்வளவுதான் விளைவு.

தாத்தா படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். 150னு எழுதிட்டு நேரத்தையும் எழுதினேன்: 9.40லேர்ந்து 15.00. பழைய படிவத்தையும் கிழிக்க விடலை. குறுக்கே ஒரு கோடு போட்டு, 'அளக்கப்படவில்லை'ன்னு ஜெர்மன்ல எழுதி, மறுபடி கையெழுத்துப் போடச் சொல்லி, ரெண்டையும் ஒரே கோப்புல வெச்சுட்டார்.

கம்பிகளைத் துடைச்சு வண்டியில ஏத்தும்போது "க்ளூக் ஆஃப்"னார். பஸ் ஏழு நிமிஷம் லேட்டு.

அடுத்த பதிவுல, இந்த ஊர் மாணவர் விடுதியில நான் வெச்ச வத்தக்குழம்புக்கு ஃபயர் அலாரம் அடிச்ச கதை. அதுவரைக்கும் தங்கவயல்ல வளர்ந்தவங்க யாராவது இதைப் படிச்சா, சயனைடு மேட்டைப் பத்தி உங்க ஞாபகத்துல இருக்கறதைப் பின்னூட்டத்துல எழுதுங்க. பாட்டி இருந்திருந்தா கேட்டிருப்பேன்.